ஒரே எடையில் இரண்டு பொட்டலங்கள்

மார்ச் 14, வியாழன்.

இன்றைய பிழை: காலையில் ஒரு பெரியவருக்கு மாத்திரை கட்டும்போது உறையின் மேல் 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதுவதற்குப் பதிலாக 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிவிட்டேன். கவனித்தவர்: நானே. திருத்தம்: உறையைக் கிழித்துப் போட்டு வேறு உறை எழுதினேன்.

"என்ன தம்பி, தூக்கமா?" என்றார் பெரியவர்.

தூக்கம் இல்லை. வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பகலில் மருந்துக்கடையில் பொட்டலம் கட்டுகிறேன். மாலை ஆறரை மணிக்கு மருந்தாளுநர் உதவியாளர் வகுப்பு. பகலில் அதே அறையில் தையல் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதனால் எங்கள் சட்டையில் எப்போதும் யாருடைய நூலாவது ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் ஆசிரியர் முப்பது வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்தவர். தப்பு செய்யாத கை கிடையாது, செய்ததை எழுதி வைக்காத கைதான் ஆளைக் கொல்லும் என்பார். அதனால் எல்லோருக்கும் ஒரு நோட்டு. தினமும் நான்கு கட்டங்கள் நிரப்ப வேண்டும்: பிழை, கவனித்தவர், திருத்தம், நாளைய வேலை.

நேற்று அவர் புதிதாக ஒன்று சொன்னார். "யாருமே கவனிக்காத தப்பு ஒண்ணு எல்லார்கிட்டயும் இருக்கும். அதை எழுதிட்டு வாங்க. நான் படிக்க மாட்டேன். பக்கம் நிரம்பியிருக்கான்னு மட்டும் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன்."

கடைசி பெஞ்சிலிருந்து மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர், "சார், எனக்கு ஒரு நோட்டு பத்தாது" என்றார்.

"உனக்குப் பத்தாதுன்னு மாடே வந்து சொல்லிட்டுப் போச்சுய்யா. எழுது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழுத எனக்கு ஒன்றுமில்லையே என்று கவலைப்பட்டேன். பிறகுதான் இது நினைவுக்கு வந்தது. இதைப் பிழை என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்கிற அளவில் மட்டும் கேள்விக்குப் பொருந்துகிறது. அதனால் எழுதுகிறேன். முன்னுக்குப் பின் முரணாக ஏதாவது வந்தால் அது என் எழுத்துக் குறை. நடந்ததில் குழப்பம் எதுவும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் என் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். அப்போது அவளுக்கு வயது இருபத்தொன்பது, எனக்கு இருபது. அவள் மகளுக்கு ஐந்து. உருண்டையாக, சின்னதாக இருந்ததால் அந்தக் குழந்தையைப் பட்டாணி என்று கூப்பிட்டோம். இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், இப்போது அவள் உருண்டையாக இல்லை.

யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் அக்கா நன்றாக இருப்பாள் என்றார் டாக்டர். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அத்தானுக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சோதனை செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. "அச்சு அசல்" என்றார் டாக்டர், பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனைப் பாராட்டுவது போல.

நான் உடனே சரி என்றேன். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுப்பாக ஒரு வார்த்தைகூட யாரிடமும் நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "ஒண்ணு என்ன, ரெண்டையும் எடுத்துக்கச் சொல்லுங்க" என்றேன். அம்மா அழுதாள். அத்தான் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் லாரி ஓட்டுகிறவர், கை கனமாக இருந்தது. அதற்கு முன் அந்த வீட்டில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் எப்போதும் எடை பார்த்துப் பொட்டலம் கட்டுகிற பையன். அக்கா எனக்கு வைத்த பெயரே தராசு.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் அக்காவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு குழாய்களிலும் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவள் சொன்னாள்: "டேய் தராசு, உனக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிடு. நான் கோச்சுக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

"லூசு மாதிரி பேசாதே" என்றேன்.

அவள் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். கொடுத்தவர்களுக்கு ஆபத்து எத்தனை சதவீதம் என்று. மிகவும் குறைவு என்றார். குறைவு என்றால் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு எண் சொன்னார். சின்ன எண்தான். ஆனால் பூஜ்யம் இல்லை. என் தொழிலில் பூஜ்யத்துக்கும் மிகக் குறைவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் யாரும் வேலை செய்ய முடியாது. அந்த ஆண்டுதான் இந்த வகுப்பில் இடம் கேட்டு விண்ணப்பித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. எனக்கு இருப்பது ஒரே உடம்பு. இதெல்லாம் நியாயமான யோசனைகள் என்றே நினைக்கிறேன். அப்போது இரண்டு முறை யோசித்தேன், இன்று மூன்றாவது முறை.

கோயிலில் கேட்டுவிடலாம் என்று சொன்னது நான் இல்லை. அம்மாதான்.

"எனக்கு ரெண்டு பேரும் வேணும்டா. ஒண்ணைக் காப்பாத்த இன்னொண்ணைக் கத்திக்குக் கொடுக்க என்னால முடியல. அவகிட்டயே கேட்டுடுவோம். அவ சொன்னா என் மனசு ஆறும்."

அவள் என்பது எங்கள் குலதெய்வம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய், கால்வாய்ப் பாலத்தில் இறங்கி நடந்தால் ஒரு கிராமம். அங்கே ஓட்டுக் கூரையும் கம்பிக் கதவுமாக ஒரு சின்னக் கோயில். அங்கே கேட்கிற முறை எளிமையானது. ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. அம்மனின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் செய், வெள்ளை வந்தால் வேண்டாம். எடுத்ததைத்தான் பிரிப்பார்கள். மற்றதைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். அம்மன் சொல்லாத பதிலை மனிதர்கள் பார்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

பொட்டலத்தை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போகலாம். யார் கட்டுவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. "தம்பி கட்டட்டும். அவன் கட்டினா கடவுளுக்கே வித்தியாசம் தெரியாது" என்றார் அத்தான்.

நான் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன். வெள்ளைக்கு மல்லிகை வைத்தால் காகிதத்தை மீறி வாசனை வரும், குழந்தை மோப்பம் பிடித்துவிடும். அதனால் வாசனை குறைவான நந்தியாவட்டை. கடைத் தராசில் நிறுத்து, ஒரே கட்டிலிருந்து இரண்டு தாள் எடுத்து, ஒரே மாதிரி ஐந்து மடிப்பு மடித்து, வெள்ளை நூலால் இரண்டு சுற்று. முடிச்சுகூட ஒரே இடத்தில் விழுந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எது என்று எனக்கே சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

இந்த இடத்தில் சித்தியைப் பற்றி எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்கு கெட்டுவிடும். சித்தி அம்மாவின் தங்கை, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். எங்கள் யாரிடமும் சொல்லாமல் அவளாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, பிறகுதான் சொன்னாள். "ஒருவேளை சின்னவனுக்குச் சரிப்படலைன்னா? என்னோடதும் ஒரு ஓரமா சும்மாதானே கிடக்குது." முடிவை என்னை வாங்கி வரச் சொன்னாள், ஏனென்றால் பரிசோதனைக்கூடம் எங்கள் கடைக்கு எதிரே. புதன்கிழமை வாங்கினேன். சித்தியுடையதும் பொருந்தும் போல இருக்கிறது, அடுத்த சோதனைக்கு உடனே வரவும் என்று போட்டிருந்தது. கோயில் வெள்ளிக்கிழமை. ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைச் சொன்னால் அம்மா குழம்புவாள். போய் வந்த பிறகு கொடுக்கலாம் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போனோம். அக்காவும் வந்தாள். பாலத்திலிருந்து கோயில்வரை நடக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது, வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். கோயில் தரையில் ஈரம். கறுப்புக் கல்லில் அம்மன், வெள்ளியில் ஒட்டிய கண்கள். இடது கண் கொஞ்சம் சாய்ந்து ஒட்டியிருந்தது. அதனால் அவள் நம்மைப் பார்க்கிற மாதிரியும், நமக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்க்கிற மாதிரியும் இருக்கும். பூசாரி பொட்டலங்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடையில வாங்கினதா?"

"என் பையன் கட்டினதுங்க" என்றாள் அம்மா.

"நல்ல கை" என்றார் பூசாரி.

அம்மா சத்தமாகவே கேட்டாள். "தாயே, வெட்டிக் கொடுக்கறதா, வேண்டாமா? சிவப்பு வந்தா கொடுக்கறோம். வெள்ளை வந்தா கொடுக்கல." பட்டாணி முன்னால் போய், இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்றைத் தொட்டு, கையை எடுத்து, பிறகு மற்றதை எடுத்தாள். தான் செய்வது பெரிய வேலை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளை.

கிணற்றில் போட வேண்டியதை நானே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டேன். திரும்பி வரும்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அக்கா படியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தாள். "என் பட்டாணி சரியாத்தான் எடுத்திருக்கா" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "தப்பிச்சேடா தராசு."

அதை அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். எல்லாவற்றையும் அவள் அப்படித்தான் சொல்வாள். ஆனாலும் அந்த நேரத்தில் அப்படி ஒரு பேச்சு தேவையில்லை என்று எனக்குப் பட்டது. நான் அழுதேன். அது உண்மையான அழுகை.

கிணற்றில் போட்டதிலும் நந்தியாவட்டைதான் இருந்தது. கடைத் தராசில் நிறுத்ததெல்லாம் நந்தியாவட்டை. செவ்வரளி அன்று காலையில் நான் வாங்கவே இல்லை.

இதைப் படிக்கிறவர் யாராவது இருந்து கோபப்பட்டால், அவரிடம் ஒன்று கேட்கிறேன். அம்மன் இருக்கிறாளா, இல்லையா? இருக்கிறாள் என்றால், ஒரு கைப்பிடி வெள்ளைப் பூவைச் சிவப்பாக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆக்கவில்லை. அதற்கான வழியை நான் அடைக்கவும் இல்லை. அம்மனே இல்லை என்றால், ஐந்து வயதுக் குழந்தை குருட்டாம்போக்கில் எடுக்கிற பொட்டலத்தை நம்பி என் உடம்பை மேஜைமேல் கிடத்தத் தயாராக இருந்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். எந்த வழியில் போட்டுப் பார்த்தாலும் எனக்கு விடை ஒன்றாகவே வருகிறது.

சித்தி விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. அன்று திரும்பி வந்ததும் அவள்தான் சொன்னாள்: "அம்மனே வெட்டாதேன்னுட்டா. இனிமே என் காகிதத்துல என்ன வந்திருந்தா என்ன? அதை எங்கிட்டக் காட்டாதேடா, என் மனசு அலைபாயும்." நான் காட்டவில்லை. அவள் கேட்டபடி நடந்துகொண்டேன். தவிரவும், அம்மன் வேண்டாம் என்று சொன்ன பிறகு சித்தி கொடுத்து அக்கா பிழைத்திருந்தால், அம்மன் சொன்னது பொய்யாகிவிடும். அம்மாவுக்கு மிச்சமிருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. அந்தக் காகிதம் இந்த நோட்டின் அட்டைக்குள்தான் இருக்கிறது. நான் ஆவணங்களைக் கிழிக்கிறவன் அல்ல.

டாக்டர் கத்தினார். "வேற யாராவது இருக்காங்களா பாருங்கன்னு நான் சொன்னேனே?" அத்தான், "எங்க வீட்ல கேட்டு முடிச்சாச்சு சார்" என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பி, "மருந்துக்கடையில வேலை பார்க்கிறீங்க, நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொடுக்க முடியாமல் போன தம்பியின் வருத்தம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொள்வதற்கு நான் பொறுப்பில்லை.

அக்கா எட்டு மாதம் இருந்தாள். குழாய் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, அது ரத்தத்தில் ஏறி, நான்கு நாளில் முடிந்துவிட்டது. சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்து, "நீ கொடுக்கத் தயாரா இருந்தியேப்பா" என்றார்கள். இன்றும் வீட்டில் முதல் தட்டு எனக்குத்தான் வைக்கிறாள் அம்மா. வகுப்பில் சேருவது இரண்டு வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நானும் குறையாகச் சொல்லவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் பட்டாணி.

அவளுக்கு இப்போது எட்டு வயது. எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதையாவது இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். பென்சிலில் பச்சையா நீலமா என்றாலும் அப்படித்தான். சரியான விடையைத் தேர்ந்தெடு என்கிற கேள்விகளை எல்லாப் பரீட்சையிலும் வெறுமனே விட்டுவிடுகிறாள். பதில் தெரியாமல் இல்லை. டீச்சர் வாயால் கேட்டால் சொல்கிறாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, அன்னைக்கு இன்னொரு பொட்டலத்துல சிவப்பு இருந்துச்சா?"

"எந்தப் பொட்டலம்?"

"தெரியாத மாதிரி கேக்காதே. கிணத்துல போட்டியே, அது."

"ஒண்ணுல வெள்ளைன்னா இன்னொண்ணுல சிவப்புதானே இருக்கும்."

"இருக்கும்னு கேக்கல. இருந்துச்சா? நீதானே கட்டினே?"

ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினேன். வாயால் எதுவும் சொல்லவில்லை.

அவள் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் முதல்ல அதைத்தான் தொட்டேன். அப்புறம் மாத்திட்டேன். மாத்தாம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க."

அப்போது ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எந்த வாக்கியம் என்று எனக்குத் தெரியும். எட்டு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்வது நல்லதல்ல என்று முடிவு செய்தேன். காலரில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது, அதைச் சரிசெய்தேன்.

அத்தான் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊரில் இருக்கிறார். பட்டாணியை அனுப்பச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்கிறார். புது மனைவி நல்ல மாதிரி என்கிறார்கள். பட்டாணி போக மாட்டேன் என்கிறாள். அம்மாவுக்கும் மனமில்லை, ஆனால் பெற்றவன் கேட்கும்போது எப்படி மறுப்பது என்று தவிக்கிறாள். கடைசியில் நேற்றுச் சாப்பிடும்போது சொன்னாள்: "வெள்ளிக்கிழமை போய்க் கேட்டுட்டு வந்துடுவோம். சிவப்பு வந்தா அனுப்பிடறேன். வெள்ளை வந்தா என்கூடவே இருக்கட்டும்."

"நான் எடுக்க மாட்டேன் அம்மாச்சி" என்றாள் பட்டாணி. கைகள் அதற்குள் பின்னால் போய்விட்டன.

"உன் விஷயம்டி, நீதான் எடுக்கணும்."

"அப்ப ரெண்டையும் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. மாமா கட்டும்போது நானும் பக்கத்துல உட்காருவேன்."

அம்மா சிரித்தாள். "உங்க மாமனை விட நேர்மையா கட்டறதுக்கு இந்த ஊர்ல ஆள் இருக்கா? தன் உடம்பையே கொடுக்க நின்னவன்டி அவன்."

பட்டாணி சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "உட்காரட்டுமா மாமா?" என்று கேட்டாள். சரி என்றேன். எந்த நேரத்தில் என்று அவள் கேட்கவில்லை.

நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அவள் அப்பாவோடு இருப்பதுதான் அவளுக்கு நல்லது. இந்த வீட்டில் இருக்கும்வரை பழையதையே நினைத்துக்கொண்டிருப்பாள். புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், கையை விரித்து எதையாவது எடுக்கக் கற்றுக்கொள்வாள். இதில் எனக்கென்று எதுவும் இல்லை. நான் எப்போதும் அந்தக் குழந்தையின் நன்மையைத்தான் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து இதுவரை ஒருமுறை படித்தேன். இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன, திருத்திவிட்டேன்.

கட்டங்கள்.

பிழை: மேலே எழுதியது, பிழை என்று சொல்லலாம் என்றால்.

கவனித்தவர்: யாரும் இல்லை. (அடித்துவிட்டு எழுதுகிறேன்) பட்டாணி, பாதி.

திருத்தம்: தேவையில்லை.

நாளைய வேலை: பட்டாணி எழுவதற்கு முன் கடைக்குப் போய்விட வேண்டும். பொட்டலங்களை அங்கேயே கட்டுவது. வழியில் பூக்கடையில் செவ்வரளி, இரண்டு பங்கு. வெள்ளைப் பூ வாங்க வேண்டியதில்லை.